தவணை முறையில் வந்த தாமதம்

விமானம் தாமதமாகும்போது, காத்திருப்பதைக் காட்டிலும் அதிகம் வாட்டுவது, அந்தத் தாமதத்தை அரை மணி, முக்கால் மணி என்று தவணை முறையில் அறிவிப்பதுதான் என்பது என் கருத்து. ஐரோப்பிய விமான நிலையம் ஒன்றிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் நீண்ட தூர விமானத்திற்காகக் காத்திருந்த ஒரு மாலையில் அதை முழுமையாக அனுபவித்தேன். அறிவிப்புப் பலகையில் முதலில் 40 நிமிடத் தாமதம் என்றார்கள். அந்த நேரம் நெருங்கியதும் இன்னோர் அரை மணி கூடியது. பிறகு நேரமே காட்டாமல் ‘அடுத்த தகவல் விரைவில்’ என்ற வரி மட்டும் வந்தது. எந்த நொடியும் அழைப்பு வரலாம் என்பதால் சாப்பிடப் போக முடியவில்லை, கண்ணயரவும் முடியவில்லை. மறுமுனையில் அழைத்துச் செல்ல வருபவருக்கு ஒவ்வொரு முறையும் புதிய நேரத்தைச் சொல்லிச் சொல்லி, கைப்பேசியின் சார்ஜும் நம் சொல்லின் மதிப்பும் ஒன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியவர்களின் பதற்றத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நிலைமையை மாற்றியவர் வாயிலில் பணியிலிருந்த ஒரு பெண் ஊழியர். ஒலிபெருக்கியை விட்டுவிட்டு எங்கள் நடுவே வந்து நின்று, எஞ்சினில் ஒரு வால்வை மாற்ற வேண்டியிருக்கிறது, இரவு ஒன்பதரைக்கு முன் விமானம் புறப்பட வாய்ப்பே இல்லை, ஆகவே தாராளமாக நடந்துவிட்டு வாருங்கள் என்று தெளிவாகச் சொன்னார். மூன்று மணி நேரத்திற்கு மேல் வீணாகப் போகிறது என்ற அந்தச் செய்தியைக் கேட்டு எல்லோரும் கொதித்தெழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. வரிசையில் இடம் பிடிப்பதற்காக முழங்கையால் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் காலணிகளைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். ஒருவர் பையை மற்றவர் பார்த்துக்கொண்டார். மின்செருகிக்கு முறை வைத்துக்கொண்டார்கள்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், எங்கள் விமானத்தின் எஞ்சின் மூடி திறந்து கிடந்தது. விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்றதாகச் சொன்ன ஒரு பயணி அங்கே நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் நடப்பதை விளக்கிக்கொண்டிருந்தார். எந்தெந்தக் கருவிகள் பழுதாக இருந்தாலும் விமானம் பறக்கலாம், எவை பழுதானால் பறக்கவே கூடாது என்பதற்கு ஒவ்வொரு விமான வகைக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஒரு பட்டியல் உண்டு என்பதையும், சில பழுதுகளுடன் குறிப்பிட்ட நாட்கள் வரை பறக்க அனுமதி உண்டு என்பதையும் அவரிடமிருந்துதான் அறிந்தேன். வால்வை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடாது. சோதித்து, பதிவேட்டில் உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்திட்ட பின்னரே விமானம் பறக்கத் தகுதி பெறும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இப்படியொரு வகுப்பு கிடைத்திருக்காது. ஒரு சிறுமி அவரிடம் கேட்ட கேள்விகள் எங்கள் கேள்விகளைவிட நன்றாக இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதற்கிடையே ஒரு சட்ட மாணவர், விமானப் பயணிகளின் உரிமைகளைச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியைக் கைப்பேசியில் வாசித்துக் காட்டத் தொடங்கினார். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் புறப்பாடு நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ தள்ளிப்போகும் என்று தெரிந்தால் உணவும் பானமும் தர வேண்டும். இரண்டு தொலைபேசி அழைப்புகளையோ, அல்லது தொலைநகல், மின்னஞ்சல், டெலக்ஸ் (பழைய காலத்துத் தட்டச்சுத் தந்தி) வழியாக இரண்டு செய்திகளையோ இலவசமாக அனுமதிக்கவும் வேண்டும். டெலக்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவர் ஒருவர் கவுண்டருக்கே சென்று, தமக்கு ஒரு டெலக்ஸ் அனுப்ப வேண்டும் என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டார். ஊழியர் விழித்த விழிப்பில் அந்த மாலையின் கசப்பெல்லாம் கரைந்துபோனது. பிறகு வந்த உணவுக் கூப்பன்கள், பெரும்பாலான கடைகள் மூடிய பின்னரே எங்கள் கைக்குக் கிடைத்தன. அதை மட்டும் என்னால் மன்னிக்க இயலவில்லை.

ஒருவழியாக ஏறி அமர்ந்த பிறகும் உடனே நகரவில்லை. நெரிசலான வான்வெளியில் புறப்பாட்டு நேரத்தைக் கட்டுப்பாட்டு மையம் ஒதுக்குகிறது என்றும், அந்த நேரத்திற்கு 5 நிமிடம் முன்னும் 10 நிமிடம் பின்னுமான இடைவெளியைத் தவறவிட்டால் மீண்டும் புதிய நேரம் பெற வேண்டும் என்றும் நம் பராமரிப்பு நிபுணர் பின்னிருக்கையிலிருந்து விளக்கினார். நாங்கள் கிளம்பியபோது தாமதம் நான்கு மணி நேரத்தைத் தாண்டியிருந்தது.

வழியில் பின்காற்று வலுவாக இருந்ததால் இழந்த நேரத்தில் ஒரு பகுதியை மீட்டுவிடுவோம் என்று விமானி பெருமையுடன் அறிவித்தார். வழக்கமாகக் கைதட்டல் பெறும் அந்தச் செய்திக்கு எங்கள் பகுதியில் ஒரு முனகல் எழுந்தது. காரணம், சட்ட மாணவர் ஏற்கெனவே சொல்லியிருந்த கணக்கு: அவ்வளவு நீண்ட பயணத்திற்கு இழப்பீடு 600 யூரோ, ஆனால் சேருமிடத்தில் தாமதம் நான்கு மணி நேரத்திற்குள் அடங்கிவிட்டால் நிறுவனம் அதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். சக்கரம் தரையைத் தொட்டபோது தாமதம் மூன்று மணி 50 நிமிடம். எனினும், விமானத்தின் கதவு ஒன்று திறக்கப்படும் நேரமே வந்துசேர்ந்த நேரம் என ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்திருப்பதை அவர் நினைவூட்டினார். நிறுத்துமிடம் காலியாக இல்லை. விமானம் ஓடுபாதைக்கு வெளியே நின்றது. மாலை முழுவதும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் சலித்துக்கொண்ட நாங்கள், இப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, அவசரமே வேண்டாம் என்று மனதார வேண்டிக்கொண்டிருந்தோம். கதவு திறந்தபோது தாமதம் நான்கு மணி ஆறு நிமிடம். கைதட்டல் எதற்காக என்று பணிப்பெண்ணுக்குக் கடைசிவரை புரியவில்லை.