கடையில் வாங்கிய நன்னாரி வேர் அசல்தானா, எப்படிப் பார்ப்பது?

கோபி சர்பத்:
வணக்கங்க. கோபிச்செட்டிபாளையத்தில் வீட்டிலேயே நன்னாரி சர்பத் காய்ச்சித் தெரிந்த கடைகளுக்குக் கொடுக்கிறேன். அந்தியூர்ப் பக்கம் ஒரு பெரியவர்தான் மலையடிவாரத்து வேர் கொண்டுவந்து தருவார். இந்த வருஷம் அவருக்கு உடம்புக்கு முடியவில்லை, அதனால் ஈரோட்டில் மொத்தக் கடையில் ஒரு மூட்டை எடுத்தேன். வாசம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சில துண்டுகள் கட்டைவிரல் தடிமன். பெரியவர் தரும் வேர் பென்சிலைத் தாண்டாது. கேட்டால் "முத்தின கொடிங்க, அதான் தடிப்பு" என்கிறார் கடைக்காரர். குழந்தைகள் குடிக்கிற பொருள், மனசு கேட்கவில்லை. வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

வேர் மேசை, கோவை:
அக்கா, மூலிகை வேர்களைச் சோதிக்கும் லேபில் வேலை செய்கிறேன். வாசத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீங்க. நன்னாரிக்கு அந்த மணத்தைத் தருவது 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸி பென்சால்டிஹைடு. மாகாளிக்கிழங்கிலும் அதே பொருள்தான் இருக்கிறது. மூக்கால் இரண்டையும் பிரிக்கவே முடியாது.

ஒடித்துப் பாருங்க. காய்ந்த நன்னாரி வேர் பெரும்பாலும் 3 முதல் 8 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். கொஞ்சம் வளைந்து நெளிந்து, மேலே கரும்பழுப்பாக, தோலில் குறுக்கே வெடிப்பு விட்டிருக்கும். அந்தத் தோல் நகத்தால் நெம்பினாலே கழன்று வரும். உள்ளே மாவு மாதிரி வெள்ளை அடுக்கு, நடுவில் மஞ்சளான கெட்டிக் கட்டை. கட்டைவிரல் தடிமனில் சதைப்பற்றாக இருப்பது எனக்கு மாகாளி என்றே படுகிறது. ஊறுகாய் போட்டுச் சாப்பிடுகிற கிழங்குதான், பயப்பட வேண்டாம். ஆனால் நன்னாரி என்று விலை வாங்கிக்கொண்டு அதைக் கொடுப்பது நியாயமே இல்லை.

எனக்கு அதைவிடக் கவலை மணமே இல்லாத வேர்கள்தான். இக்னோகார்பஸ் என்ற காட்டுக்கொடியின் வேரை நன்னாரியோடு கலப்பது உண்டு. ஒரே மூட்டையில் கிடந்தால் அதற்கும் வாசம் ஒட்டிக்கொள்ளும். அதனால் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் கைப்பிடி எடுத்து, கழுவித் துடைத்து, ஒவ்வொன்றையும் ஒடித்து ஒடித்த இடத்தை முகருங்க. மணமில்லாததைத் தனியாக வையுங்க. மருந்துச் சரக்குகளின் தரத்தைச் சொல்லும் அரசு நூலான ஆயுர்வேத பார்மகோபியா பிற பொருட்களுக்கு விடும் இடம் எடையில் 2 சதவீதம்தான். அந்தக் குவியல் இதைத் தாண்டினால் மூட்டையைத் திருப்பிவிடுங்க.

கழுவுவதற்கு முன் கொஞ்சம் வேரைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஆட்டித் தெளியவும் விடுங்க, அடியில் எவ்வளவு மணல் என்று தெரிந்துவிடும். லேபில் இதையே வேரை எரித்து, அமிலத்தில் கரையாத சாம்பலாக அளக்கிறோம். பொடியாக மட்டும் வாங்கவே வேண்டாம். பொடித்த பிறகு நுண்ணோக்கி இல்லாமல் எதையும் சொல்ல முடியாது.

கோபி சர்பத்:
ஒடித்துப் பார்த்தேன் தம்பி. தடித்தது எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரிதான், மஞ்சள் கட்டையே இல்லை. இனி புது ஆளிடம் வாங்கும்போது கொடியையே காட்டிக் கேட்க இடம் இருக்கிறதா?

வேர் மேசை, கோவை:
இருக்குங்க அக்கா. கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையம் 1955 முதல் இருக்கிறது. அங்கே பெரிய உலர்தாவரக் காட்சியகமும் உண்டு. வேரை மட்டும் எடுத்துப் போகாதீங்க. இலை, பூ, முடிந்தால் காயோடு கொடியைச் செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்துக் கொண்டுபோங்க. பூ இருந்தால்தான் உறுதியாகப் பெயர் சொல்ல முடியும்.

சென்னிமலைத் தோட்டம்:
இடையில் ஒரு கேள்விங்க. ஒரத்துப்பாளையம் பக்கம் எங்கள் காடு. நொய்யலில் சாயத்தண்ணி வந்த காலத்தில் பாய்ந்த மண். அதில் அமுக்கரா போடலாமா?

வேர் மேசை, கோவை:
விதைப்பதற்கு முன் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்துவிடுங்க அண்ணா. மேலே ஒட்டிய மண் கழுவினால் போகும், வேர் உள்ளே இழுத்தது போகாது. வேரில் ஈயம் 10 பிபிஎம் (அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3, இதற்கு மேல் போகக் கூடாது. காட்மியத்துக்கு வரம்பு ரொம்பக் குறைவு, அதில்தான் கவனம் வேண்டும். லேபில் கொடுக்கும்போது பொதுவாகக் கன உலோகம் என்று எழுதாமல் இந்த நான்கின் பெயரையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்க.