'ஹாப்பி' பியருக்குத் தமிழ்: கைப்பூவா, ஆப்பா, தூக்கலா?

தஞ்சாவூர்:
குழுவினருக்கு வணக்கம். புலன்மதிப்பீட்டு வகுப்புக்கான தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டபுள் ஐபிஏ என்னும் கடும் பியரை மதிப்பிடும் பாடத்தில் ஒரு சொல் முட்டுகிறது: 'ஹாப்பி' (hoppy), அதாவது பியரில் சேர்க்கும் ஹாப் பூவின் மணம் ஓங்கிய. அப்படியே எழுதினால் குடித்தவர் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று மாணவர்கள் படிக்கிறார்கள். 'கசப்பு மிகுந்த' என்று போட்டிருந்தோம், அது தப்பு. ஹாப் கொடியின் பெண்பூங்கொத்து இரண்டு வேலை செய்கிறது. 60 நிமிடம் கொதித்தால் அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பைத் தரும். மண எண்ணெய்கள் ஆவியோடு போய்விடும். கடைசி ஐந்து, பத்து நிமிடத்திலோ நொதித்து ஆறியபின்னோ போட்டால் மணம் தங்கும், கசப்பு அவ்வளவாக ஏறாது. மதிப்பெண் தாளில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, மொத்த மதிப்புக்கு 10, ஆக 50. 'கசப்பு' என்று எழுதினால் 12-இல் விழவேண்டிய குறிப்பு 20-இல் விழுகிறது. வியாழனுக்குள் சொல் வேண்டும்.

மயிலாடுதுறை:
கைப்பூ. கைக்கும், அதாவது கசக்கும், பூ கைப்பூ. மணம் வேண்டுமானால் 'கைப்பூமணம்'. கைப்பூ மூன்றே எழுத்து, கிரந்தம் இல்லை, பொருளும் உள்ளே இருக்கிறது. இதற்குமேல் என்ன வேண்டும்?

திருவாரூர்:
ஐயா, இலக்கணம் வேண்டும். கைக்கும் பூ என்று விரித்தால் வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு போல 'கைபூ' என்றல்லவா வரும்? ப் மிகுந்தால் அது கையில் வைத்த பூ. தவிர, தாளில் 'கைப்பு' ஒரு வரி, 'கைப்பூ' அடுத்த வரி. ஒரு சுழியில் மதிப்பெண் மாறிவிடும்.

கிரந்தம்தான் உறுத்துகிறதென்றால் நன்னூலார் வழி இருக்கிறது. வடசொல்லின் முதலில் நிற்கும் ஹகரம் அகரமாகும்: ஹரன் அரன், ஹாரம் ஆரம். ஆங்கிலச் சொல்லையும் மக்கள் அப்படித்தான் ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். ஆகவே ஹாப், ஆப்பு. 'ஆப்பு மிகுந்த பியர்' என்று அச்சிடத் துணிவு இருந்தால் அச்சிடுங்கள்.

கும்பகோணம்:
ஆப்பை விடுங்கள், பூவைப் பிடியுங்கள். வேப்பம்பூ ரசம் வைப்பவர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. பூவை நெய்யில் வறுத்து, ரசத்தை இறக்கியபின் மேலே போட்டால் வாசனை. அதோடு கொதிக்கவிட்டால் வாயில் வைக்க முடியாது. ஒரே பூ, போடும் நேரம்தான் வேறு. மாணவர்களுக்கு இதைச் சொன்னால் அரைப் பக்கம் மிச்சம். வாசனை ஓங்கி நிற்பதை நம் அடுப்படியில் 'தூக்கல்' என்கிறோம். காபியில் டிகாக்‌ஷன் தூக்கல், இதில் ஹாப் தூக்கல். பாமரருக்கும் புரியும்.

மன்னார்குடி:
புரியும், தப்பாகப் புரியும். 'உப்பு தூக்கலா இருக்கு' என்று எந்த வீட்டில் பாராட்டாகச் சொல்கிறார்கள்? அது குறை. டபுள் ஐபிஏயில் ஹாப் ஓங்கி நிற்பது இலக்கணம். சாராயச் செறிவு 7.5 முதல் 10 சதவீதம், கசப்பு அலகு 60 முதல் 100 என்று அமெரிக்கப் பியர் நடுவர் அமைப்பின் கையேடே வரம்பு போட்டிருக்கிறது. 'தூக்கல்' என்று அச்சிட்டால் பிள்ளைகள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள்.

மணத்துக்கும் கசப்புக்கும் சொல் ஏன் பிரிந்து நிற்கவேண்டும் என்பதற்கு வலுவான காரணம் வேறு. சூட்டில் சில மாதம் கிடந்த புட்டியைத் திறந்தால் முதலில் போயிருப்பது மணம். கசப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும், பழைய அட்டைப்பெட்டி வாடையும் சேர்ந்திருக்கும். 'கசப்பு உண்டு, ஹாப் இல்லை' என்று எழுத வேண்டிய இடம் அதுதான். பச்சைப் புட்டியை வெயிலில் வைத்தால் வரும் நாற்றம் இதோடு சேராது. அது ஒளி பட்டுக் கசப்புப் பொருளே சிதைவதால் வருவது.

கையேட்டில் இதையும் சேருங்கள்: 10 டிகிரிக்கு அருகில், சோப்பு நெடியோ எண்ணெய்ப் பசையோ இல்லாத கிண்ணத்தில் 60 முதல் 90 மில்லி. உள்ளங்கையால் மூடிச் சுழற்றி, நுரை அடங்குமுன் முகர்ந்து, மணக் குறிப்பை எழுதிவிட்டுத்தான் முதல் மிடறு. கடும் பியர் வரிசையில் கடைசி. நடுவில் தண்ணீரும் உப்பில்லா ரொட்டியும்.

மயிலாடுதுறை:
கைப்பு பண்பு, ஆகவே கைப்பூ பண்புத்தொகை, ப் மிகும். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். நிற்க. பியர் நமக்குப் புதிது என்ற தொனி எல்லா மடலிலும் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் 'மட்டு நீக்கி மது மகிழ்ந்து' இருந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. மட்டு என்றால் கள்; அதை விட்டு மது குடித்தார்கள். குடிப்பதில் தரம் பிரிக்கத் தெரிந்த ஊர் ஐயா இது! அதே உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் களியைத் துழாவி, ஆற்றி, அடை கலந்து, சாடியில் 'வழைச்சு அற விளைந்த' கள்ளைப் பாடுகிறார். வழைச்சு என்றால் விளையாத இளமை. உங்கள் தாளில் முற்றாத பியரின் குறைக்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்?

தஞ்சாவூர்:
'பச்சை வாடை' என்று வைத்திருக்கிறோம். ஈஸ்ட் வேலை முடிக்குமுன் பியரை இறுத்துவிட்டால் பச்சை ஆப்பிள் நெடி அல்லது வெண்ணெய் வாடை நிற்கும். ஆறிய பியரில் ஹாப் போடும்போது இன்னொரு சிக்கல்: பூவிலுள்ள நொதிகள் மிச்ச மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும், அடங்கிய ஈஸ்ட் மறுபடி கிளம்பும், போன வெண்ணெய் வாடை திரும்பி வரும். வழைச்சு அழகான சொல்தான். ஆனால் 'வழுவழுப்பு' என்று எண்ணி வாயுணர்வுக் கட்டத்தில் எழுதிவிடுவார்கள்.

கும்பகோணம்:
பச்சை வாசனை போகக் கொதிக்கவிடு என்று சொல்லாத வீடு உண்டா? அதுவே இருக்கட்டும்.

திருவாரூர்:
ஹாப் கொடி செழித்து வளர நீண்ட கோடைப் பகல் வேண்டும். டெல்டாவில் விளையாத கொடிக்கு டெல்டாவில் பெயர் தேடுகிறோம். ஹாப் என்றே இருக்கட்டும். அதன்பின் மணம், கசப்பு என்று ஒட்டுங்கள்.

தஞ்சாவூர்:
வியாழன் இரவு ஆகிவிட்டது. தாளில் 'ஹாப் மணம்', 'ஹாப் கசப்பு' என்று இரு வரி. 'ஹாப்பி' வரும் இடமெல்லாம் 'ஹாப் மணம் ஓங்கிய'. மூவர் சரி என்றார்கள், மன்னார்குடி பதில் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். வேப்பம்பூ ரசம் அடிக்குறிப்பில் போகிறது.

மயிலாடுதுறை:
அடிக்குறிப்பில் ரசத்துக்கு இடம் இருக்கிறது, கைப்பூவுக்கு இல்லையா? மறுபதிப்பில் பேசுவோம்.