பேறுகாலப் பாகுபாடு குறித்த கலந்துரையாடல்: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் வட்டார மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்காக, பேறுகாலத்தில் காட்டப்படும் பாகுபாடு குறித்து ஒரு கலந்துரையாடல் நடத்த எண்ணியுள்ளோம். அதற்கு உங்கள் உதவியை நாடுகிறேன்.

அமெரிக்காவில் 2023இல் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு வெள்ளையினத் தாய்மார் 14.5 பேர் இறக்க, கறுப்பினத் தாய்மார் 50.3 பேர் இறந்தனர். இதற்கு வறுமையே காரணம் என்று சொல்லிக் கடந்துவிட இயலாது. ஏனெனில் கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம், பள்ளிப் படிப்பை முடிக்காத வெள்ளையினப் பெண்களின் விகிதத்தைவிடக் கூடுதலாக இருப்பதை அந்நாட்டு அரசு ஆய்வே காட்டியுள்ளது. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ், 2017இல் மகளைப் பெற்ற மறுநாள் மூச்சுத்திணறல் கண்டு, நுரையீரலில் ரத்தக்கட்டு இருக்கலாம் என்று தாமே கூறியும், வலிமருந்தால் குழம்பியிருக்கிறார் என்றே செவிலியர் முதலில் கருதினாராம். அவருக்கே அந்த நிலை!

நம் பக்கம் நிறத்தைவிடச் சாதியும் ஊரும்தான் அதிகம் பேசுகின்றன என்பது என் கருத்து. தமிழ்நாட்டின் தாய் இறப்பு விகிதம் 2018-20இல் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 54 என்பது பெருமைக்குரியதுதான். ஆனால் காரையாறு அணைக்கு அப்பால் இஞ்சிக்குழியில் வாழும் காணிப் பழங்குடிப் பெண்ணின் நிலையை அந்தச் சராசரி சொல்வதில்லை.

கிராமச் சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றியவர்கள் எவரேனும் வந்து பேச இயலுமா? கடும் தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம், மிகுந்த உதிரப்போக்கு போன்ற அபாய அறிகுறிகளை எளிய தமிழில், படங்களுடன் விளக்கும் சுவரொட்டி எவரிடமாவது இருந்தால் பகிருங்கள். தம் சொல் மதிக்கப்படாத அனுபவமுள்ள பெண்கள், மருத்துவமனையின் பெயரையோ தம் பெயரையோ குறிப்பிடாமல் எழுதித் தந்தாலும் போதும்; அவர்கள் இசைந்தால் மட்டுமே கூட்டத்தில் வாசிப்போம்.