‘அப்சலோமின் கை’ தூணா, வல்லமையா?

சொல்லாராய்வோன்:
“எபிரேய வேதத்தில் ‘யாத்’, அதாவது கை, எங்கே வந்தாலும் வல்லமையையே குறிக்கும்” என்று உபதேசியார் நேற்று எழுதியதைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. தன் பெயரை நினைக்கப்பண்ணும் மகன் இல்லையே என்று தாவீது ராஜாவின் மகன் அப்சலோம் ‘ராஜாவின் பள்ளத்தாக்கில்’ நாட்டிய தூணுக்கு, 2 சாமுவேல் 18:18-இன் எபிரேய மூலம் தரும் பெயர் ‘யாத் அப்சலோம்’, அப்சலோமின் கை. பழைய தமிழ்த் திருப்புதல் அதை ‘அடையாளம்’ என்று பெயர்த்துவிட்டதால் கை நம் கண்ணில் படுவதில்லை. கல்தூணுக்கு ஏது வல்லமை?

உபதேசியார்:
நாற்பது ஆண்டுகள் பிரசங்கபீடத்தில் நின்றவனுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். எகிப்திலிருந்து கர்த்தர் ஜனங்களை மீட்டது பலத்த கையினால். யாத்திராகமம் 14:31-இல் இஸ்ரவேலர் கடற்கரையில் கண்டதும் மூலத்தின்படி ‘பெரிய கை’, தமிழில் ‘கிரியை’. பெலிஸ்தரின் பட்டணமான அஸ்தோத்தின்மேல் பாரமாயிருந்ததும் அவர் கைதான்.

சொல்லாராய்வோன்:
நான் அஸ்தோத்தைக் கேட்கவில்லை, தூணைக் கேட்டேன். அந்த வசனத்தில் வீரத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை; பிள்ளை இல்லாத ஏக்கம்தான் இருக்கிறது. ஏசாயா 56:5-இல் பிள்ளையற்ற அண்ணகர்களுக்குத் தேவன் வாக்களிப்பதும் ‘யாத் வாஷேம்’, கையும் பெயரும். நாஜிகள் கொன்ற யூதர்களுக்காக 1953-இல் எருசலேமில் நிறுவப்பட்ட நினைவகம் அந்தப் பெயரையே தாங்கியிருக்கிறது. இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுல் கர்மேலில் நாட்டியதும் ‘யாத்’ தான்.

உபதேசியார்:
நன்றி. சவுல் அதை நாட்டியது அமலேக்கியரை முறியடித்த பிறகு. தமிழில் ‘ஜெயஸ்தம்பம்’ என்றே இருக்கிறது. ஜெயம் வல்லமை இல்லையா?

கீதரோன் பயணி:
இருவருமே நேரில் பார்க்காமல் எழுதுகிறீர்கள். எருசலேமை அடுத்த கீதரோன் பள்ளத்தாக்கில் ‘அப்சலோமின் தூண்’ என்று காட்டப்படுவதன் அருகே நான் நின்றிருக்கிறேன். அடிப்பகுதி பாறையிலேயே குடைந்தெடுத்த சதுரம், உச்சியில் கூம்பு. கை எதுவும் அதில் செதுக்கப்படவில்லை.

சொல்லாராய்வோன்:
நீங்கள் பார்த்தது கி.பி. முதல் நூற்றாண்டுக் கல்லறை. அப்சலோமுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிந்தியது. வழிகாட்டி சொன்னதை வேதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கை செதுக்கிய கல் வேண்டுமானால், 1950-களில் தொல்லியலாளர் யிகேல் யாதின் கலிலேயாவின் பழைய நகரமான ஆத்சோரில் அகழ்ந்த கானானியர் கோயிலைப் பாருங்கள்: அங்கே ஒரு கல்லில் பிறைக்கும் வட்டுக்கும் நேரே இரண்டு கைகள் விரல் விரித்து உயர்ந்து நிற்கின்றன. நிறுத்திய கல்லைக் கை என்று அழைத்ததன் வேர் இத்தகைய வழக்கத்தில்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

கீதரோன் பயணி:
போய்ப் பார்த்தவனைவிடப் புத்தகத்தில் படித்தவருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது.

உபதேசியார்:
ஆத்சோர் கானானியருடையது; அப்சலோம் தாவீதின் மகன். போகட்டும், அவனுக்கு மூன்று குமாரர் பிறந்ததாக அதே புத்தகம் 14:27 சொல்கிறதே, உங்கள் ‘பிள்ளை இல்லாத ஏக்கம்’ எங்கிருந்து வந்தது?

சொல்லாராய்வோன்:
‘எனக்குக் குமாரன் இல்லை’ என்பது அப்சலோமின் வாய்ச்சொல், என்னுடையது அன்று, பிறந்தவர்கள் இறந்திருக்கலாம். போன மாதம் பென்யமீன் என்றால் ‘வலது கையின் மகன்’ என்று முழங்கிய நீங்கள், அதே கோத்திரத்து நியாயாதிபதி ஏகூத் இடதுகைப் பழக்கமுள்ளவன் என்று நான் காட்டியதும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள். மறுபடியும் கேட்கிறேன்: அந்தத் தூண் ஏன் கை?

உபதேசியார்:
ஏகூத் விஷயத்தில் நான் தோற்றதாக நீங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டீர்கள். தூணும் வல்லமையே.

சொல்லாராய்வோன்:
வசனத்தை இன்னொரு முறை வாசியுங்கள். 18:18.