டொல்பின் வான் எஞ்சினை வீட்டு முற்றத்தில் இறக்கினவர்கள் சொல்லுங்கோ

டொல்பின், அதாவது டொயோட்டா ஹயேஸ் எல்எச்113 மொடல், 3எல் எண்ட பேருள்ள டீசல் எஞ்சின் எண்டால்: எஞ்சின் சீற்றுக்குக் கீழே கிடப்பதால் மேலால் தூக்கலாம் போலத் தெரியும். கூரை விடாது, கீழாகத்தான் இறக்க வேணும். ஆகவே பெரிய வேலை போல்ட் கழட்டுவதில்லை, வானை உயர்த்துவதுதான். எஞ்சினின் உயரத்தோடு, அதை வைத்து வெளியே இழுக்கிற சில்லுப் பூட்டின தள்ளுபலகையின் உயரத்தையும் கூட்டி, அதுக்கு மேல் நாலு விரல் விட்டுச் சேஸியை ஸ்டாண்டில் நிறுத்துங்கோ. திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் முற்றமெல்லாம் மணல். பாரம் ஏற ஸ்டாண்டின் ஒரு கால் மட்டும் புதைந்து வான் சரியும். ஒவ்வொண்டுக்கும் கீழே ஓரடிச் சதுரத்தில் 2 அங்குலப் பலகை போடுங்கோ. சீமெந்துக் கல் வேண்டவே வேண்டாம், சொல்லாமல் வெடிக்கும்.

* * *

அண்ணா சொன்னது சரி. இறக்க, முன்கதவு இரண்டையும் திறந்து குறுக்கே 3 அங்குல விட்டமுள்ள கனத்த இரும்புக் குழாய் விட்டு, அதில் 1 தொன் செயின் புளொக்கை (பாரம் தூக்கிற சங்கிலிக் கப்பியை) கொழுவலாம். குழாயின் இரு முனையும் வெளியே நிலத்தில் ஊன்றின தாங்கியில் இருக்க வேணும், வானின் உடம்பில் படக்கூடாது. எஞ்சின் மட்டும் 200 கிலோவுக்கு மேல். கியர்பொக்ஸை முதலே தனியாக இறக்குங்கோ. சேர்த்து இறக்கினால் பின்பக்கம் தொங்கி, குறுக்குச் சட்டத்தில் மாட்டும். கழட்டும்போது கியர்பொக்ஸை ஜக்கில் நேராகப் பிடித்திருக்க வேணும். பாரத்தை விட்டால் அதன் தண்டு கிளச் பிளேற்றை வளைச்சுப்போடும். ஏசி கொம்பிரசரின் குழாயைத் திறக்காமல் ஓரமாகக் கட்டி வையுங்கோ, கேஸ் மிஞ்சும்.

* * *

ரெண்டு விசயம் விடுபட்டுது. ஒண்டு, ஒல்ரனேற்றருக்குப் பின்னால் உள்ள வாக்கியூம் பம்ப். அதுக்கு ஒயில் குழாயும் போகுது, பிரேக் பூஸ்ரர் குழாயும் போகுது. எஞ்சின் பாதி இறங்கி நிக்கும்போதுதான் பூஸ்ரர் குழாய் இழுபடும். எஞ்சினிலிருந்து சேஸிக்குப் போற ஏர்த் வயரும் அப்படித்தான்.

மற்றது துரு. கடல்காற்றில் சைலன்சர் குழாய் நட்டுகள் இறுகிக் கிடக்கும். முதல்நாளே துரு எண்ணெய் அடியுங்கோ. திருகும்போது இறுகினால் பலம் போடாதீங்கோ, கால் சுற்று முன்னுக்கும் பின்னுக்குமாக ஆட்டுங்கோ. ஸ்டட் (நட்டு ஏறுற தண்டு) முறிஞ்சால், எஞ்சினில் புகை வெளியேறுற மனிபோல்டைக் கழட்டித் துளைக்கவேண்டி வரும்.

புழுதி பறக்கிற கச்சான் காற்றுக் காலத்தில் இன்ஜெக்டர் குழாயைக் கழட்டின உடனே இரு முனையையும் மூடுங்கோ. துணி போதாது, நூல் உள்ளே போகும். பொலித்தீன் சுற்றி ரப்பர் பாண்ட் போட்டால் காணும்.