பழைய மேப்பில் 'ரைபிள் ரேஞ்ச்' என்று இருக்கிறது, தரையில் எங்கே தேடுவது?

ஹட்டிக்காரன்:

வணக்கம்ங்க. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவுல ஒரு ஹட்டி (படுகர் ஊர்) எங்களுது. டீ ஃபேக்டரியில இலை எடை போடுற வேலை. நாலு மாசம் முன்னாடி ஆபீஸ் பரணை ஒழிச்சப்போ சுருட்டி வச்ச பழைய மேப் ஒண்ணு கிடைச்சுது. ஒரிஜினலை மேனேஜர் தரலை, ஜெராக்ஸ் எடுக்க விட்டார். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்னு போட்டிருக்கு. வருஷம் எங்கேயும் காணோம். எங்க ஹட்டி பேரையே தப்பா எழுதி வச்சிருக்காங்க, அது போகட்டும். ஹட்டிக்குக் கீழே ஓடையை ஒட்டி எறும்பு ஊர்ற மாதிரி சின்ன இங்கிலீஷ் எழுத்துல 'ரைபிள் ரேஞ்ச்'னு இருக்கு, அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகுற இடம்.

இதைப் பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்துச்சு. சின்ன வயசுல எருமை மேய்க்கப் போற இடத்துல, மழை பெய்ஞ்ச மறுநாள் மண்ணுல ஈயக்கட்டி கிடக்கும், பொறுக்கிட்டுப் போய் பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுப் பொரி வாங்கித் தின்போம்னு சொல்வார். சும்மா கதை விடுறார்னு நினைச்சோம். அந்தக் கட்டியில ஒண்ணு இன்னும் அம்மாவோட தையல் மெஷின் டிராயர்ல கிடக்கு.

இப்போ என் சிக்கல். மேப்பை போட்டோ எடுத்து, மேல் ஓரத்துலயும் பக்கத்துலயும் இருக்குற அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வச்சு இன்றைய படத்து மேல பொருத்தினேன். ரேஞ்ச் கிழக்கே நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு மலைமுகட்டுல போய் உக்காருது. அங்கே ஓடையும் இல்லை, மேய்ச்சலும் இல்லை. அப்பா சொன்ன இடம் இந்தப் பக்கம். அவர் போய் ஆறு வருஷமாச்சு, கேட்க ஆளில்லை. மேப் தப்பா, நான் தப்பா? இடம் கிடைச்சாலும் எந்தப் பக்கம் நின்னு எந்தப் பக்கம் சுட்டாங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? இப்போ அங்கே மொத்தமும் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக்.

ரிட்டயர்டு சர்வேயர்:

தம்பி, நீங்களும் தப்பில்லை, மேப்பும் தப்பில்லை. தப்பு ஜெராக்ஸ் எடுத்தவரிடம். கீழ் ஓரத்தை வெட்டிவிட்டிருப்பார், சரியா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் தீர்க்கரேகைக் கணக்கு எல்லாம் நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வுக்கூடத்தை ஆதாரமாக வைத்துப் போட்டது. அந்த இடத்துக்கு எடுத்துக்கொண்ட மதிப்பே சுமார் இரண்டரை நிமிடம் கூடுதல். அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லி ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்பு போட்டிருப்பார்கள். நம் மலையில் ஒரு நிமிடம் என்பது ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், உங்கள் நாலு கிலோமீட்டர் எங்கே போயிற்று என்று தெரியும். இது போக, சர்வே அதிகாரி எவரெஸ்ட் பெயரில் 1830இல் வந்த பூமி அளவுக்கும் இன்றைய ஜிபிஎஸ் அளவுக்கும் வேறு வித்தியாசம் உண்டு. அதனால் ஓரத்து எண்களை மறந்துவிடுங்கள். அன்றும் இன்றும் நகராத இடங்களைப் பிடித்துப் பொருத்துங்கள்: தொட்டபெட்டா உச்சி, வெலிங்டன் பாரக்ஸ் (பட்டாளக் குடியிருப்பு) மூலைகள், பழைய சர்ச், இரண்டு ஓடை சேரும் இடம். சாலை வளைவை மட்டும் நம்பாதீர்கள், அகலப்படுத்தும்போது அதை எப்படியும் மாற்றியிருப்பார்கள்.

இன்னொன்று. தாளில் 58 ஏ/15 என்கிற மாதிரி எண் இருக்கிறதா? இல்லையென்றால் பழைய வரிசை. ரயில் பாதை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899, ஊட்டிக்குப் போனது 1908. வெலிங்டன் என்று எழுதியிருக்கிறதா, ஜக்கதளா என்றா? 1860இல்தான் பாரக்ஸுக்கு வெலிங்டன் பெயர் வைத்தார்கள். வருஷம் போடாத மேப்புக்கு வயது கேட்கும் வழி இதுதான்.

துல்லியத்தில் ரொம்ப ஆசை வைக்காதீர்கள். இந்த அளவு மேப்பில் அரை மில்லிமீட்டர் பென்சில் கோடே தரையில் 30 மீட்டருக்கு மேல். 600 கஜ ரேஞ்ச் முழுசுமே தாளில் ஒரு சென்டிமீட்டர் வராது. நெருங்கிய பிறகு கிராம வரைபடத்தையும் எஃப்எம்பி புல வரைபடத்தையும் பாருங்கள். சுற்றி எல்லாப் புலமும் மலைச்சரிவுக்கு ஏற்ற மாதிரி கோணலாக இருக்க, ஒன்று மட்டும் நாடா போல நேராக நீண்டு கிடந்தால் அதன் சர்வே எண்ணை அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) தேடுங்கள்.

கோத்தகிரி டீச்சர்:

எங்க ஊர்ல ரைபிள் ரேஞ்ச்னு ஒரு ஏரியாவே இருக்கு. பேப்பர்ல வாரம் தவறாம 'ரைபிள் ரேஞ்ச் பகுதியில் கரடி நடமாட்டம்'னு வரும். அங்கே இருக்குற சதுப்புநிலம் ஊருக்குத் தண்ணி கொடுக்குற இடம். 'மிஸ், ரைபிள்னா துப்பாக்கிதானே, கரடியைச் சுடவா வச்சாங்க?'னு என் கிளாஸ் பையன் ஒருத்தன் கேட்டான். சுடுறதுக்கு நீளமா, சமதளமா, கடைசியில மலை தடுக்குற பள்ளத்தாக்கு வேணும். நம்ம மலையில அப்படி இடம்னா அது பெரும்பாலும் தண்ணி நிக்கிற இடமாத்தான் இருக்கும். நீங்க சொல்ற ஓடைப்பக்கமும் அப்படித்தானே?

சுபேதார் (ஓய்வு), வெலிங்டன்:

எந்தப் பக்கம் சுட்டார்கள் என்பது கஷ்டமே இல்லை. மலை எந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் இலக்கு. குண்டு தப்பினால் மண்ணில் புதைய வேண்டும் அல்லவா? அந்த முனையில் மலையை வெட்டினது போலவோ மண் கொட்டி உயர்த்தினது போலவோ இருக்கும், அதற்கு பட் என்று பெயர். அதன் முன்னால் ஆள் உயரப் பள்ளம். அதற்குள் உட்கார்ந்துதான் இலக்குப் பலகையை ஏற்றி இறக்குவது, குண்டு பட்ட இடத்தைக் கோலால் காட்டுவது எல்லாம். நானே மழையில் அந்தப் பள்ளத்தில் நாள் முழுக்க நின்றிருக்கிறேன். மேலே சுடுகிறவனுக்குக் கிடைக்கும் பெயர் கீழே கோல் பிடிக்கிறவனுக்குக் கிடையாது.

அங்கிருந்து திரும்பி நடங்கள். 100 கஜத்துக்கு ஒரு மேடு, படுத்துச் சுடுவதற்கு. 100 கஜம் என்றால் 91 மீட்டர், என் நடைக்கு 120 காலடி. தேயிலை போட்டாலும் மேட்டைச் சமன் செய்ய யாரும் மெனக்கெட மாட்டார்கள், செடி வரிசை அங்கே ஏறி இறங்கும்.

டிராயரில் இருக்கும் கட்டியை எடை போடுங்கள். தட்டையாகாத அடிப்பக்கம் இருந்தால் அதன் குறுக்களவு எடுங்கள். மேலே செம்பு, நிக்கல் உறை எதுவும் இல்லாத சுத்த ஈயமா? .303 ரைபிள் குண்டு 8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, உறை போட்டது. உறையில்லாத தடித்த ஈயம் என்றால் அதற்கு முந்தைய ஸ்னைடர் அல்லது மார்ட்டினி ஹென்றி ரைபிள். இரண்டுமே ஏறக்குறைய 31 கிராம்தான், ஆனால் மார்ட்டினி 11 மில்லிமீட்டர் சொச்சம், ஸ்னைடர் 14க்கு மேல். பட்டாளம்தான் சுட்டது என்றும் முடிவு கட்டாதீர்கள். தோட்டத்துரைமார் சேர்ந்த நீலகிரி வாலண்டியர் ரைபிள்ஸ் இருந்தது, அவர்களுக்கும் பயிற்சி வேண்டும்.

ஒரே ஒரு கண்டிப்பு. தோண்டாதே தம்பி. வெறும் ஈயம் வெடிக்காது, ஆனால் வெடிக்காத தோட்டா கிடைத்தால் கையால் தொடாமல் ஸ்டேஷனுக்குச் சொல். பட்டாள நிலமாக இருந்தால் கேட்காமல் கால் வைக்காதே.

ஹட்டிக்காரன்:

எல்லாருக்கும் கும்பிடு. சர்வேயர் ஐயா, மறுபடி மேனேஜர் காலைப் பிடிச்சு ஒரிஜினலைப் பார்த்தேன். கீழ் ஓரத்துல நீங்க சொன்ன குறிப்பு அப்படியே இருக்கு! ரயில் பாதை இல்லை, வெலிங்டன் இருக்கு. அப்போ 1860க்கும் 1899க்கும் நடுவுல. தொட்டபெட்டாவையும் பாரக்ஸையும் ரெண்டு ஓடைச் சந்திப்பையும் பிடிச்சுப் பொருத்தினேன். ரேஞ்ச் நேரா அப்பா சொன்ன ஓடைக்கே வந்து உக்காந்துச்சு. கொஞ்ச நேரம் போனைக் கீழே வைக்கத் தோணலை.

கட்டியை நகைக்கடைத் தராசுல போட்டேன், 30 கிராம். ஃபேக்டரி ஃபிட்டர் கிட்ட காலிப்பர் வாங்கி அளந்தா அடிப்பக்கம் பதினொண்ணரை மில்லிமீட்டர் கிட்ட வருது. உறை இல்லை, வெள்ளை பூத்த ஈயம். மார்ட்டினிதானுங்களே சுபேதார் ஐயா?

ஞாயிற்றுக்கிழமை தோட்டக்காரர்கிட்ட கேட்டுட்டு மாமன் பையனோட போனேன். ஓடை முடியுற இடத்துல மலையைச் செதுக்கின மாதிரி ஒரு முகம், லாண்டனா புதர் மூடிக் கிடக்கு. அங்கிருந்து எண்ணி நடந்தோம். முதல் மேடு தெரியலை. ரெண்டாவது தெளிவா இருக்கு, மூணாவதும். நாலாவது இருக்க வேண்டிய இடத்துல பஞ்சாயத்துத் தண்ணித் தொட்டி. அதுக்கு மேல காட்டெருமை ரெண்டு நின்னுச்சு, ஆராய்ச்சியை அங்கேயே முடிச்சுக்கிட்டோம். விஏஓ ஆபீஸுக்கும் போனேன், திங்கட்கிழமை வரச் சொன்னார். எந்தத் திங்கள்னு சொல்லலை.

இலை பறிச்சுட்டிருந்த அக்கா ஒருத்தங்க, என்ன தேடுறீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். 'இந்த வரிசையில குழி போட்டா மட்டும் மம்முட்டியில ணங்குனு படும், கல்லுன்னு நினைச்சோம்'னாங்க. ஜனவரியில அங்கே கவாத்து பண்றாங்களாம். செடி முட்டளவுக்கு வந்துட்டா மேடு எல்லாம் கண்ணுக்குத் தெரியும், அப்போ போட்டோ எடுத்துப் போடுறேன்.

சுபேதார் (ஓய்வு), வெலிங்டன்:

மார்ட்டினியேதான். ரேஞ்சில் கவாத்து என்றால் எங்கள் காலத்தில் வேறு அர்த்தம், அணிவகுப்புப் பயிற்சி. நாள் சொல்லுங்கள், நானும் வருகிறேன். நடந்து எண்ண ஒரு ஆள் வேண்டுமே.