மறு: டி.ஐ. கணக்கில் வரும் ‘ஷார்ட்கட்’டுக்குத் தமிழ்ச்சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம். டி.ஐ. (டேட்டா இன்டர்பிரிட்டேஷன்) என்பது போட்டித் தேர்வில் அட்டவணை, வரைபடத் தரவுகளை வைத்து வரும் கணக்கு. அதில் விரைவாக விடை காணும் ‘ஷார்ட்கட்’டுக்குக் கையேட்டில் என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்ற கேள்விக்குக் குழுவில் வந்த பதில் இது:

> ‘குறுக்குவழி’ என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறு மாதிரி புரியும். ‘குறுக்குவழியில் வேலை வாங்கினான்’ என்றால் என்ன பொருள் என்று ஊருக்கே தெரியும். வேலைக்குப் படிக்கிற பிள்ளையின் கையேட்டில் அந்தச் சொல் எதற்கு?

அது போக, பயிற்சி வகுப்பில் ‘ஷார்ட்கட்’ என்பது ஒரே வேலையைக் குறிப்பதில்லை. எண்ணைக் கிட்டத்தட்ட எடுத்துக்கொள்வதற்கு ‘உத்தேச மதிப்பு’ இருக்கிறது. விழுக்காட்டைப் பின்னமாக்குவதற்குத் தனிப்பெயர் தேவையில்லை. பெயரில்லாமல் நிற்பது, விழுக்காட்டை 10, 5, 1 என்று உடைத்துக் கூட்டும் முறைதான். அட்டவணைக் கேள்விகளில் அதிகம் கைகொடுப்பதும் அதுதான்.

தமிழ்நாட்டு மக்கள்தொகை 2001இல் 624 லட்சம், 2011இல் 721 லட்சம். எத்தனை விழுக்காடு வளர்ச்சி? கூடியது 97. 624இல் பத்து விழுக்காடு 62.4, ஐந்து 31.2, சேர்த்தால் 93.6. மீதி 3.4. ஒரு விழுக்காடு 6.24 என்பதால் அது அரைக்குச் சற்று மேல். ஆக, பதினைந்தரையைத் தாண்டுகிறது. விடைகளில் 12.4, 15.6, 18.2 இருந்தால் பேனாவே வேண்டாம். வங்கித் தேர்வுகளின் முதல்நிலையில் 20 நிமிடத்தில் 30, 35 கணக்கு. நீள்வகுத்தலுக்கு நேரம் ஏது?

இதற்கு ‘கூறுகட்டல்’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். சந்தையில் மாங்காயைக் கூறு கட்டுவது போலத்தான். ‘கூறுபோடல்’ என்றால் வெட்டுவதோடு நின்றுவிடும். இங்கே சேர்த்துக் கட்டுவதும் உண்டு.

நம் பழைய பின்னங்களே கூறுகட்டிய வாய்பாடுதான். மா என்பது 1/20, அதாவது 5 விழுக்காடு. இருமா 10, மும்மா 15, அரைக்கால் பன்னிரண்டரை, மாகாணி ஆறேகால். மேலே வந்த விடை ‘மும்மாவும் கொஞ்சமும்’. அவற்றை மீட்க வேண்டும் என்று கேட்கவில்லை. மாகாணி என்றால் இன்றைய மாணவர் மாகாணத்தை நினைப்பார்.

---

ஐயா, வணக்கம்.

‘கூறுகட்டல்’ வாய்க்கு எளிதாக வருகிறது. ஒரு தயக்கம்: நிகழ்தகவில் ஏற்கெனவே ‘கூறுவெளி’ (சாம்பிள் ஸ்பேஸ்) இருக்கிறது. ஒரே கையேட்டில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் பையன் குழம்புவான். முதல் முறை ‘விழுக்காட்டுக் கூறுகட்டல்’ என்று முழுதாக எழுதிவிட்டு அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். அப்படியென்றால் எனக்குச் சம்மதம்.

ஆனால் பெயரில்லாதது இது ஒன்றுதான் என்று நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. 37/82, 43/97 இரண்டில் எது பெரிது என்ற கேள்வியை எடுங்கள். மேலே 6 கூடியிருக்கிறது, கீழே 15. 6/15 என்பது 0.4, 37/82 அதைவிடப் பெரிது. சேர்ந்தது சிறிய விகிதம் என்பதால் 43/97 குறைந்துவிட்டது, முதல் பின்னமே பெரிது. இதில் கூறும் இல்லை, உத்தேசமும் இல்லை. கூடுதலை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறோம். ‘கூடுதல் ஒப்பீடு’ என்று எழுதிப் பார்த்தேன், ‘அதிகப்படியான ஒப்பீடு’ என்று தொனிக்கிறது. ‘மிகையொப்பு’ சரிப்படுமா?